கேஸ் தீர்ந்துபோவதில்லை

சித்திரை பிறந்துவிட்டால் ஏசி மெக்கானிக்கின் போன் ஓயாது. ‘காத்து வருது, ஆனா குளிரல’ என்பதுதான் வீட்டுக்கு வீடு வரும் புகார். வந்து பார்ப்பவரும் பல நேரம் அவுட்டோர் யூனிட்டின் மூடியைக்கூடக் கழற்றாமல் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்: கேஸ் இல்லை, அடைக்க வேண்டும். வீட்டுக்காரருக்கும் அது கேட்டுப் பழகிய பதில். கேட்ட பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறார். அந்தத் தீர்ப்பு சில சமயம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அளந்து பார்க்காமல் சொன்னால் அது வெறும் ஊகம். ஏசி குளிராமல் போவதற்கான காரணங்களில் பல, செம்புக் குழாயை விட்டுவிட்டு மின்கம்பியின் பாதையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கெபாசிட்டர், ஒரு லூஸ் கனெக்‌ஷன், இறங்கிப்போன வோல்டேஜ் என்று அவை எளியவையாகவும் இருக்கின்றன. எனவே முதலில் மின்சாரத்தை அளக்க வேண்டும். கேஸைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த வரிசைக்கு இயற்பியலே சாட்சி.

ஏசிக்குள் இருக்கும் குளிர்பதன வாயு எரிந்து செலவாகும் பொருளல்ல. பழைய ஆர்-22 ஆனாலும், ஆர்-410ஏ ஆனாலும், இப்போது பரவலாக வரும் ஆர்-32 ஆனாலும், மூடிய குழாய்ச் சுற்றுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். அறைக்குள் உள்ள காயிலில் ஆவியாகும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே உள்ள காயிலில் திரவமாகும்போது அதை விட்டுவிடுகிறது. இந்தச் சுற்றை ஓட்டுவது கம்ப்ரசர். ஒன்றரை டன் ஏசி என்றால் சுமார் 5.3 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து இடைவிடாமல் வெளியே தள்ளும் திறன் என்று பொருள். எத்தனை ஆண்டு ஓடினாலும் உள்ளே இருக்கும் வாயுவின் எடை தானாகக் குறைய வழியில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது: குழாய்கள் இணையும் நட்டிலோ, பற்றவைத்த இடத்திலோ, அரித்துப்போன காயிலிலோ. ஆகவே ‘கேஸ் இல்லை’ என்று சொல்பவர் உண்மையில் ‘கசிவு இருக்கிறது’ என்றுதான் சொல்கிறார். அப்படியானால் கசிவைக் காட்ட வேண்டும். சோப்பு நுரை வைத்தோ, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ இடத்தைக் கண்டுபிடித்து அடைக்காமல் வாயுவை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர், அடுத்த கோடையிலும் தனக்கு அந்த வீட்டில் வேலை இருப்பதை உறுதி செய்துகொண்டு போகிறார்.

கம்ப்ரசர் ஓடவே இல்லை என்றாலும் அறைக்குள் தெரியும் அறிகுறி இதேதான். இன்டோர் யூனிட்டின் விசிறிக்குத் தனி மோட்டார் இருப்பதால் அது பாட்டுக்குக் காற்றை வீசிக்கொண்டிருக்கும். ரிமோட் சொன்ன எண்ணும் முகப்பில் ஒளிரும். குளிர்ச்சி மட்டும் இருக்காது. ஒரே அறிகுறிக்குப் பின்னால் இருக்கும் வெவ்வேறு காரணங்களைப் பிரித்துக்காட்ட உதவுவது கிளாம்ப் மீட்டர். கம்பியை வெட்டாமல், அதைச் சுற்றியுள்ள காந்தப்புலத்தை வைத்தே மின்னோட்டத்தைச் சொல்லிவிடும் கருவி அது. லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் எதிரெதிர்த் திசை ஓட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும் என்பதால், ஒரு கம்பியை மட்டும் கவ்வ வேண்டும். வேகம் மாறாத சாதாரண ஒன்றரை டன் ஏசி நல்ல நிலையில் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். சரியான எண் அவுட்டோர் யூனிட்டின் தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். மீட்டர் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகக் காட்டினால் விசிறிகள் மட்டுமே ஓடுகின்றன, கம்ப்ரசருக்கு மின்சாரம் போகவில்லை. முப்பது நாற்பது ஆம்பியருக்குத் தாவி, சில நொடிகளில் விழுந்துவிட்டால், கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து முடியாமல் திணறுகிறது. தகட்டில் உள்ளதைவிட மிகுந்தால் வெளிக்காயிலில் தூசி அடைத்திருக்கலாம், வெளி விசிறி மெதுவாகச் சுற்றலாம், அல்லது கேஸ் அளவுக்கு மேல் ஏற்றப்பட்டிருக்கலாம். கம்ப்ரசர் சீராக ஓடியும் நாலைந்து ஆம்பியர்தான் வருகிறது என்றால் மட்டுமே கேஸ் குறைவு என்ற சந்தேகத்துக்கு இடம் உண்டு. அங்கேகூட அழுக்கேறிய ஃபில்டரும் அதே அறிகுறியைக் காட்டும் என்பதால், அதைக் கழுவிவிட்டுத்தான் மறுபடி அளக்க வேண்டும்.

இரண்டாவதாகச் சொன்ன திணறலுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது கெபாசிட்டர். வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் மின்சாரம் மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலத்தைத் தானாக உண்டாக்காது. முன்னும் பின்னுமாக ஊசலாடும் புலத்தைத்தான் தரும். நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு எந்தப் பக்கம் சுற்றுவது என்றே அதில் தெரியாது. அதனால் கம்ப்ரசருக்குள் ரன் வைண்டிங், ஸ்டார்ட் வைண்டிங் என்று இரண்டு சுருள்கள். ஸ்டார்ட் வைண்டிங்கோடு தொடராக இணைந்த கெபாசிட்டர் அந்தச் சுருளின் மின்னோட்டத்தைக் காலத்தில் முன்னே தள்ளிவிடுகிறது. இரண்டு ஓட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் புலம் சுழல்கிறது, மோட்டார் கிளம்புகிறது. கெபாசிட்டர் செத்துப்போனால் அவுட்டோர் யூனிட்டில் ‘ம்ம்ம்’ என்று ஒரு உறுமல், சில நொடியில் ‘டக்’ என்று ஓவர்லோடு என்ற காப்பு சுவிட்ச் பிரியும் சத்தம், பிறகு அமைதி. சூடு ஆறியதும் ஓவர்லோடு மறுபடி சேரும், மறுபடி உறுமல். இதைக் கேட்டும் ‘கேஸ் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அவர் காதையும் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம்.

அந்த அலுமினிய உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் மேலேயே எல்லாம் எழுதியிருக்கும்: 45 மைக்ரோஃபாரட், கூடக்குறைய 5 சதவீதம், 440 வோல்ட். 230 வோல்ட் லைனில் ஓடும் பொருளுக்கு 440 எதற்கு என்று கேட்கலாம். ஓடும் மோட்டாரில் ஸ்டார்ட் வைண்டிங்கும் கெபாசிட்டரும் சேர்ந்து கெபாசிட்டரின் முனைகளில் லைனைவிட அதிக வோல்டேஜை எழுப்புகின்றன. முன்னூறைத் தாண்டுவது சாதாரணம். உள்ளே இருப்பது மெல்லிய பாலிப்ரொப்பிலீன் படலத்தின்மேல் படிந்த உலோகப் பூச்சு. எங்காவது படலம் துளைபட்டால் அந்த இடத்து உலோகம் ஆவியாகி, துளை தானாகவே தனிமைப்பட்டுவிடும். இப்படித் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் கொள்ளளவு துளித்துளியாகக் குறைகிறது. மொட்டைமாடி வெயிலில் தகரப் பெட்டிக்குள் இருக்கும் கெபாசிட்டருக்கு இந்தத் தேய்மானம் வேகமாக நடக்கும். 45 இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 31 காட்டினால், உருளை உப்பாமல் அழகாக இருந்தாலும் அதன் கதை முடிந்தது. கம்ப்ரசர் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைக் கண்டுபிடிக்கவும் ஒரு கணக்கு உண்டு: ஸ்டார்ட் வைண்டிங் கம்பியின் ஆம்பியரை 3183ஆல் பெருக்கி, கெபாசிட்டரின் இரு முனைகளுக்கிடையே உள்ள வோல்டேஜால் வகுத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மைக்ரோஃபாரட் வந்துவிடும். 4 ஆம்பியர், 320 வோல்ட் என்றால் ஏறக்குறைய 40. ஊகத்துக்கு வேலையே இல்லை.

இதை அலட்சியம் செய்வதன் விலை பெரிது. ஓட வேண்டிய எட்டு ஆம்பியருக்குப் பதில் நாற்பது ஆம்பியர் பாய்ந்தால் மின்னோட்டம் ஐந்து மடங்கு. சுருளில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் இருபத்தைந்து மடங்கு. ஒவ்வொரு உறுமலிலும் வைண்டிங்கின் இனாமல் பூச்சு கொஞ்சம் வேகிறது. சில நூறு ரூபாய் கெபாசிட்டரை வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்டால், பல ஆயிரம் ரூபாய் கம்ப்ரசர் அதற்குப் பலியாகும். கம்ப்ரசர் உண்மையிலேயே போய்விட்டதா என்பதையும் மல்டிமீட்டர் சொல்லும். மின்சாரத்தைத் துண்டித்து, காமன், ஸ்டார்ட், ரன் என்ற மூன்று முனைகளிலும் உள்ள கம்பிகளைக் கழற்றிவிட்டு அளந்தால், ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையே உள்ள மின்தடை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும்: இரண்டு ஓம், மூன்று ஓம் என்றால் ஐந்து. கணக்கு பொருந்தி, எந்த முனைக்கும் கம்ப்ரசரின் உடம்புக்கும் இடையே மெகா ஓம் கணக்கில் தடை இருந்தால் வைண்டிங் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. சூடான கம்ப்ரசரில் உள்ளே இருக்கும் ஓவர்லோடு பிரிந்திருந்தால் காமன் முனை அறுந்ததுபோலக் காட்டும். ஆறவிட்டு மறுபடி அளக்காமல் ‘கம்ப்ரசர் அவுட்’ என்று எழுதிவிடக் கூடாது.

கெபாசிட்டர் நன்றாக இருந்தும் கம்ப்ரசர் கிளம்பவில்லை என்றால் அடுத்த சந்தேகம் வோல்டேஜ். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 190 ஆகக் குறைந்தால் வோல்டேஜில் ஆறில் ஒரு பங்குதான் போயிருக்கிறது; விசையிலோ கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தெருவே ஏசி போட்டுக்கொண்டு படுக்கும் கோடை இரவில் லைன் இறங்குவது நமக்குத் தெரிந்த சங்கதிதான். அதற்குத்தான் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று பதில் வரும். ஸ்டெபிலைசர் தனக்கு வரும் வோல்டேஜைத்தான் உயர்த்தித் தரும். அதற்குப் பிறகு வழியில் தொலைவதை அதனால் மீட்க முடியாது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 20 மீட்டர் தூரம் போய்த் திரும்பினால் மின்தடை சுமார் 0.3 ஓம். ஓடும்போதுள்ள எட்டு ஆம்பியருக்கு அது இரண்டரை வோல்ட்டுக்கும் குறைவான இழப்பு. கிளம்பும்போதுள்ள நாற்பது ஆம்பியருக்கோ 12 வோல்ட். சுவிட்ச்போர்டில் ஏசி நின்றிருக்கும்போது வைத்துப் பார்த்த மீட்டர் ‘எல்லாம் சரி’ என்று சொல்வது இதனால்தான் பொய்யாகிறது. கம்ப்ரசரின் முனையில், அது கிளம்பும் அந்த நொடியில் அளந்த எண்ணே சாட்சியம்.

அந்த வழியில் ஒரு லூஸ் கனெக்‌ஷனும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசம். பவர் பிளக்கின் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே, அல்லது சரியாக முறுக்காத ஒரு திருகின் அடியில், அரை ஓம் தடை உண்டானால் போதும். எட்டு ஆம்பியர் அதன் வழியே போகும்போது 32 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் பிறக்கிறது. ரேடியோ பழுதுபார்க்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்டில் ஈயத்தை உருக்கிவிடும். பிளாஸ்டிக் சாக்கெட் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்க்கலாம். பின் ஒன்று மட்டும் பழுப்பேறியிருப்பது, சுவிட்ச் பிளேட்டில் மஞ்சள் கறை, மீன் வாடைபோல ஒரு கருகல் நெடி ஆகியவை எல்லாம் இதன் அடையாளங்கள். வெப்பம் தொடுமுனையை ஆக்சிஜனேற்றம் அடையச் செய்யும். அதனால் தடை கூடும். அதனால் வெப்பம் மேலும் கூடும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று இந்தச் சுழலை இன்னும் சீக்கிரம் தொடங்கிவைக்கிறது. சாக்கெட்டை மட்டும் மாற்றி, கருகிய கம்பி நுனியை வெட்டாமல் அதையே புதிதில் மாட்டினால் பழுதும் கூடவே குடிவந்துவிடும்.

எம்சிபி ட்ரிப் ஆவதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். எப்போது விழுகிறது என்பதே பாதி விடை. போட்டவுடன் விழுந்தால் ஷார்ட். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் அதிக லோடு, அல்லது எம்சிபியின் சொந்தத் திருகே தளர்ந்து சூடாவது. எம்சிபி அசையாமல் ஆர்சிசிபி மட்டும் விழுந்தால், மின்சாரம் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. மழை பெய்த மறுநாள் மட்டும் இப்படி நடந்தால் அவுட்டோர் யூனிட்டின் இணைப்புப் பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் செய்திகளைப் படிக்காமல், அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியர் எம்சிபியைக் கழற்றிவிட்டு 32 போடுவது மிக ஆபத்தான ‘ரிப்பேர்’. அதன் பிறகு லோடு கூடினால் முதலில் வெந்துபோவது சுவருக்குள் இருக்கும் கம்பிதான்.

இத்தனை அளவீடு எதற்கு, அனுபவமுள்ள மெக்கானிக்குக் குழாயைத் தொட்டாலே தெரிந்துவிடுமே என்று வாதிடலாம். அனுபவத்தை மறுக்க வேண்டியதில்லை. தடித்த குழாய் சில்லென்று வியர்த்திருக்கிறதா, மெல்லிய குழாயில் பனி பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் நல்ல தடயங்கள். ஆனால் தடயம் தேடலை எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்லும். 45 மைக்ரோஃபாரட்டுக்கும் 36க்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கையும் தொட்டு உணராது. 12 வோல்ட் இழப்பை எந்தக் காதும் கேட்காது. இன்னொரு வாதம்: கெபாசிட்டர் மலிவுதானே, அளக்கும் நேரத்தில் மாற்றியே பார்த்துவிடலாமே? மாற்றினால் ஏசி ஓடவும் கூடும். ஆனால் வெளி விசிறி மெதுவாகச் சுற்றி, கம்ப்ரசர் சூடேறி, அந்தச் சூட்டில்தான் பழைய கெபாசிட்டர் போயிருந்தால் புதியதும் அதே வழியில் போகும். உடைந்த பாகத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது ஏன் உடைந்தது என்று கேட்பதே மீதிப் பாதி. போர்டில் ஃபியூஸ் எரிந்து, பக்கத்தில் உள்ள வட்டமான வேரிஸ்டரும் வெடித்திருந்தால், வந்தது அதிக வோல்டேஜ். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் அறுந்தால், லோடு குறைந்த ஃபேஸில் வோல்டேஜ் 400ஐ நெருங்கும் அளவுக்கு ஏறலாம். நியூட்ரலைச் சரிபார்க்காமல் போர்டை மட்டும் மாற்றினால் புதுப் போர்டும் அதே இரவில் கருகலாம்.

இன்வெர்ட்டர் ஏசி வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை, இப்போது ஏசியே எர்ரர் கோடு சொல்லிவிடுகிறது என்பது வலுவான ஆட்சேபம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. இன்வெர்ட்டரில் லைன் மின்சாரம் முதலில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ள நேர்மின்சாரமாகி, பிறகு மூன்று ஃபேஸாக வெட்டப்பட்டுக் கம்ப்ரசருக்குப் போகிறது. ஸ்டார்ட் கெபாசிட்டர் பிரச்சினை அங்கே இல்லை, நாற்பது ஆம்பியர் தாவலும் இல்லை. வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே ஒரு ஆம்பியர் எண்ணை வைத்துத் தீர்ப்பெழுதவும் முடியாது. ஆனால் கோடு சொல்வது, போர்டு எதைக் கவனித்தது என்பதை மட்டும்தான். இன்டோருக்கும் அவுட்டோருக்கும் தொடர்பில்லை என்று ஒரு கோடு வந்தால் காரணம் போர்டாக இருக்கலாம். நடுவில் ஒட்டுப்போட்ட சிக்னல் கம்பியாக இருக்கலாம். அவுட்டோருக்கு மின்சாரமே போகாமலும் இருக்கலாம். போர்டின்மேல் செத்துக் கிடக்கும் பல்லியாகவும் இருக்கலாம். வெப்பநிலை உணரியும் அப்படித்தான். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்ட வேண்டிய தெர்மிஸ்டர் 40 டிகிரியில் ஐந்தை ஒட்டி வரும். குளிர்ந்தால் தடை கூடும். வயதாகித் தடை கூடிப்போன உணரி, வெந்துகொண்டிருக்கும் அறையைக் குளிர்ந்துவிட்டதாகப் போர்டுக்கு அறிவிக்கும். போர்டு அதை நம்பிக் கம்ப்ரசரைத் தணிக்கும். எந்தக் கோடும் வராமல் போகலாம், புகார் மட்டும் ‘குளிரல’. சின்ன உணரியை அளக்காமல் விலையுயர்ந்த போர்டை மாற்றுவதும், அளக்காமல் கேஸ் அடைப்பதும் ஒரே தவறின் இரண்டு வடிவங்கள்.

வீட்டுக்காரரே மூடியைக் கழற்றி இதையெல்லாம் செய்ய வேண்டும் என்பது இதன் பொருளல்ல, செய்யக் கூடாது. சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரிலும் இன்வெர்ட்டர் போர்டிலும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்னூட்டம் தேங்கி நிற்கும். ஆர்-32 தீப்பற்றக்கூடிய வாயு. வீட்டுக்காரரின் வேலை ஃபில்டரைக் கழுவுவது, பிளக் சுடுகிறதா நெடி வருகிறதா என்று கவனிப்பது, எந்த நேரத்தில் என்ன சத்தத்தோடு நின்றது என்று சொல்வது, பிறகு கேள்வி கேட்பது. அந்தக் கேள்விக்கு வீட்டுச் செலவைத் தாண்டிய மதிப்பும் உண்டு. ஒரு கிலோ ஆர்-410ஏ காற்றில் கலந்தால், நூறாண்டுக் கணக்கில் அது சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமமான வெப்பத்தைத் தேக்கும். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் ஏற்றும் கேஸ் அத்தனையும் அங்கேதான் போகிறது. தேவையில்லாமல் ஏற்றிய கேஸோ கம்ப்ரசரின் அழுத்தத்தையும் ஆம்பியரையும் கூட்டி, நல்ல இயந்திரத்தையும் நோயாளியாக்குகிறது. உண்மையிலேயே கேஸ் ஏற்ற வேண்டியிருந்தாலும், கசிவை அடைத்து, வேக்குவம் எடுத்து, தகட்டில் அச்சிட்ட கிராம் கணக்குப்படி தராசில் நிறுத்து ஏற்றுவதே முறை.

ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை மூன்று எண்கள்: கம்ப்ரசர் கிளம்பும்போது வோல்டேஜ் எவ்வளவு, ஓடும்போது ஆம்பியர் எவ்வளவு, கெபாசிட்டர் இப்போது எத்தனை மைக்ரோஃபாரட். இன்வெர்ட்டர் என்றால் கடைசி எண்ணுக்குப் பதில் உணரியின் ஓம். பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும் இந்த மூன்றையும் பில்லின் ஓரத்தில் எழுதித் தரச் சொல்லலாம். நல்ல மெக்கானிக் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். தன் திறமையைக் காட்ட வாய்ப்பு கிடைத்ததே என்று மகிழ்வார். எண்களைச் சொல்ல மறுத்துவிட்டுக் கேஸ் சிலிண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவரை, வாசலிலேயே நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம்.